பத்து மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி, மாவனல்லையைக் கடந்ததும் சமவெளியின் சுகத்தை மறந்து, வளைந்தும் நெளிந்தும் மலையேறி, ஒரு காலத்தில் தான் ஊடுருவிச் சென்ற குடைபாறையை இப்பொழுது பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, அவ்வீதியைச் சமைத்த கப்டன் டோசனின் ஞாபகார்த்தமாக 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரத்தின் அடியில் வந்து மூச்சு வாங்குகின்றதே, அந்த இடந்தான் கடுகண்ணாவை. கண்டி இராச்சியத்தின் மேற்கு வாசல் இது. இராச்சியத்தின் வாசலில் வெடிச்சத்தம் கேட்பது உலக வழக்கம். பேராதனையை அடுத்த கன்னொறுவையில் 1638ஆம் ஆண்டு இரண்டாம் இராஜசிங்கனின் படைகள் போர்த்துக்கேயரை முறியடித்தன. மேற்கே தெரியும் உதுவன்கந்தைக் குன்றைத் தன் கோட்டையாகக் கொண்டு வழிப்பறி செய்துவந்த சரதியல் என்பவனைப் பிடிப்பதற்காக, 1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டைச் சூழ்ந்தபோது நிகழ்ந்த துவக்குச் சண்டையில், துவான் சபான் என்னும் பொலிஸ்காரர் உயிர்நீத்தார். இலங்கைப் பொலிஸார் தமது வீரர் தினத்தை இன்றும் அந்தத் திகதியிலேயே அனுஷ்டிக்கின்றனர். சரதியல் அதே ஆண்டு மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

இத்தகைய ஊரைச் சுற்றி வாழும் நம்மவரிடம் துவக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், எவருடைய முகமும் மலர்வதில்லை. வயல்காரருக்கு அது காட்டுப்பன்றியை விரட்டும் கருவி. காட்டோரம் விறகு பொறுக்கப் போகும் பெண்களுக்கு அது, விலங்குகளுக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு என்னும் பயங்கரம். ஒரு தலைமுறைக்கு மேலாக நீடித்த யுத்தத்தின் செய்திகளைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கோ அது வீட்டில் பெயர் சொல்லவும் கூடாத வஸ்து. இந்த அச்சம் நியாயமானது. அதைப் பரிகசிக்க நான் முன்வரமாட்டேன். ஆனால், அதே கருவியைக் கொண்டு, ஒரு மண்டபத்துக்குள் பத்து மீற்றர் தூரத்தில் ஒரு காகித அட்டையை வைத்து, எவருக்கும் தீங்கின்றி, மனத்தையும் உடலையும் ஒருங்கே அடக்கும் ஒரு விளையாட்டை உலகம் நூற்றாண்டுக்கு மேலாக ஆடிவருகின்றது என்பதையும், அந்த விளையாட்டில் நம் நாட்டுப் பெண்கள் இருவர் பொதுநலவாயத் தங்கத்தையே வென்றிருக்கின்றார்கள் என்பதையும் நம்மவருள் பெரும்பாலோர் அறியாதிருப்பது எனக்கு எப்பொழுதும் ஒரு குறையாகவே தோன்றிவந்திருக்கின்றது.

கண்டிக்கும் துவக்குக்கும் உள்ள உறவு கொலையுறவு மாத்திரம் அன்று. கண்டி அரசர் காலத்துக் கொல்லர்கள் செய்த துவக்குகளை நூதனசாலைகளில் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். பிடங்கு சுருண்டு வளைந்திருக்கும். மரத்திலே தந்தமும் வெள்ளியும் இழைத்திருக்கும். பிற தேசத்துத் துவக்குகளில் வலப்பக்கம் இருக்கும் விசைப்பொறியை இவர்கள் இடப்பக்கத்தில் பொருத்தினார்கள். லெவ்கே திசாவை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசனுக்குக் காணிக்கையாக அளித்ததும், பொன்னும் வெள்ளியும் இரத்தினமும் பதித்ததுமான சிறிய பீரங்கியை, 1765ஆம் ஆண்டு கண்டியைக் கொள்ளையிட்ட ஒல்லாந்தர் கொண்டுபோய், அது ஆம்ஸ்டர்டாம் நகரத்து நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023ஆம் ஆண்டில்தான் தாய்நாடு திரும்பியது. எவரையும் சுடுவதற்காக அதைச் செய்திருக்கமாட்டார்கள். ஆயுதத்தை அலங்காரமாக்கத் தெரிந்திருந்த சமூகத்துக்கு, அதை விளையாட்டாக்கத் தெரியாமற் போகுமா?

தெரிந்தவர்கள் முதலில் வெள்ளைக்காரத் துரைமாரே. 1900ஆம் ஆண்டில், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை என்னும் தொண்டர் படை அமைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களின் துரைமாரே அதன் சிப்பாய்கள். இப்படை போயர் யுத்தத்துக்கும், பின்னர் முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் ஆள் அனுப்பிற்று. ஐரோப்பியருக்கே உரித்தான அந்தப் படையில், அவர்களுடைய தோட்டங்களைத் தம் உழைப்பால் வளர்த்த தமிழருக்கு இடமிருக்கவில்லை என்பதை எழுதாமல் மேலே செல்வது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமாகும். 1949ஆம் ஆண்டில் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது அப்படை கலைக்கப்பட்டது. சுடும் கலையை நம் பிள்ளைகள் கற்க வழி திறந்தது வேறொரு வாசல்: பாடசாலைகளின் மாணவர் படை. 1881ஆம் ஆண்டில் கொழும்பு றோயல் கல்லூரியில் ஆரம்பித்த அந்த அமைப்பு இன்று தேசிய மாணவர் படையணியாக நாடெங்கும் பரந்து, ரன்தம்பையில் தனக்கெனப் பயிற்சி நிலையமும் கொண்டிருக்கின்றது. அதன் வழியே துவக்கை முதன்முதலாகத் தோளில் தாங்கிய நம் பிள்ளைகள் பலர்.

1994ஆம் ஆண்டில் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், மாலினி விக்கிரமசிங்க, புஷ்பமாலி ராமநாயக்க என்னும் இரு பெண்மணிகள் துவக்குச் சுடும் இணைப் போட்டியில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டினார்கள். கிரிக்கெட் உலகக் கிண்ணம் 1996இல் வந்ததை நாடு முழுவதும் பாடமாக ஒப்புவிக்கின்றது. அதற்கு இரண்டாண்டு முன்னர் வந்த இந்தத் தங்கத்தை நினைவில் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொரோனாத் தொற்றினால் ஒத்திவைக்கப்பட்டு 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், இராணுவத்தைச் சேர்ந்த தெஹானி எகொடவெல பத்து மீற்றர் காற்றழுத்தத் துவக்குப் போட்டியில் இலங்கையின் சார்பாகப் பங்குபற்றினார். தமிழருக்கு இன்னும் நெருக்கமான பெயர் வேண்டுமானால், கடலூரிலே பிறந்து அகமதாபாத்திலே வளர்ந்த இளவேனில் வாலறிவன் இருக்கின்றார். அவர் இதே பத்து மீற்றர் போட்டியில் உலகக் கிண்ணத் தங்கங்களை வென்று, தோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக் விழாக்களிலும் இந்தியாவுக்காக நின்றவர். 2012இல் இலண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் பிறந்ததும் சென்னையிலே.

இனி, இந்த விளையாட்டை முதன்முதலாக அணுகும் ஒருவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதைச் சொல்லுகின்றேன். ஒலிம்பிக் விழா 1896இல் ஏதென்ஸ் நகரில் புத்துயிர் பெற்றபோதே துவக்குச் சுடுதல் அதில் இடம்பெற்றது. ஐம்பது மீற்றர் தூரத்தில் முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் சுடும் சிறுகுழல் ரைபிள் ஒன்று; கைத்துப்பாக்கியின் பல வகைகள்; வானில் வீசப்படும் களிமண் தட்டுகளை உடைக்கும் வேட்டைத் துவக்கு வேறொன்று. இவையெல்லாம் பின்னால் வரவேண்டியவை. ஆரம்பிப்பவருக்கு உகந்தது 1984ஆம் ஆண்டில் ஒலிம்பிக்கில் நுழைந்த காற்றழுத்தத் துவக்கே. வெடிமருந்து இல்லை, புகை இல்லை, தோளை இடிக்கும் உதைப்பு இல்லை, காதைச் செவிடாக்கும் ஓசையும் இல்லை. அடைத்து வைத்த காற்று விடுபடும்போது ஒரு 'டப்' என்ற சப்தம், அவ்வளவே. வெளிச்சமுள்ள, பின்சுவர் உறுதியான, வேறெவரும் குறுக்கே நடமாட வழியில்லாத மண்டபம் ஒன்று இருந்தால் களம் தயார்.

அந்தக் களத்தில் பத்து மீற்றருக்கு அப்பால் மாட்டப்படும் அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும் முதலில் சிரித்துவிடுவர். வட்டங்கள் யாவும் சேர்ந்து அகலம் 45.5 மில்லிமீற்றர், ஒரு சாதாரண பிஸ்கட்டினால் முழுவதையும் மறைத்துவிடலாம். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டம் அரை மில்லிமீற்றர். கூரான பென்சிலால் தொட்ட அடையாளம் போல் இருக்கும். சுடப்படும் ஈயச் சன்னமோ 4.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. இடை சிறுத்து, தலை தட்டையாக, உடுக்கையின் வடிவில் இருக்கும். தலை தட்டையாக இருப்பது அழகுக்கன்று: காகிதத்தைக் கிழிக்காமல் வெட்டி, விளிம்பு சுத்தமான வட்டத் துவாரத்தை உண்டாக்கினாற்றான் புள்ளி எண்ணுவதில் தகராறு வராது. துவாரத்தின் ஓரம் உள்வட்டத்தைச் சற்றே தீண்டினாலும் உயர்ந்த புள்ளியே கிடைக்கும் என்பது விதி. ஆகவே சன்னத்தின் மையம் அட்டையின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீற்றருக்குள் விழுந்தால் பத்துப் புள்ளி. அந்த இரண்டரை மில்லிமீற்றரைத் தவறவிட, துவக்கின் முன்குறியும் பின்குறியும் ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு இசைபிசகினாலே போதும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது, முதலில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் எந்த நல்ல களத்திலும் அட்டையையும் துவக்கையும் முதல் அரைமணி நேரத்துக்கு உங்களிடம் தரமாட்டார்கள். முதலில் விதிகள். எந்தத் துவக்கையும், அதில் சன்னம் இல்லை என்று நீங்களே திறந்து பார்த்திருந்தாலுங்கூட, நிரம்பியதாகவே பாவிக்க வேண்டும். குழலின் வாய் எப்பொழுதும் இலக்கின் திசையை நோக்கியே இருக்க வேண்டும்; பக்கத்தில் நிற்பவர் பேசுகிறார் என்று துவக்கோடு திரும்புவது இங்கே மகா பாவம். சுடத் தீர்மானிக்கும் வரையில் விரல் விசையைத் தீண்டலாகாது. சுடாத வேளையில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு கயிற்றைக் குழலின் உள்ளே செருகி வைத்திருப்பார்கள். துவக்கு வெறுமையாயிருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே எவரும் காணும் பொருட்டு. 'நிரப்புக', 'ஆரம்பிக்க', 'நிறுத்துக' என்னும் களப் பொறுப்பாளரின் ஆணைகளுக்கு மறுபேச்சு இல்லை. 'நிறுத்துக' என்றால், விசையில் பாதி அழுத்தம் கொடுத்தாகிவிட்டது என்ற சமாதானமும் செல்லாது. அட்டையை மாற்றுவதற்கு ஒருவர் முன்னே போகும்போது, மற்றவர் ஒருவரும் தம் துவக்கைத் தொடவே கூடாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். சன்னம் ஈயமாகையால், களத்தில் தின்பண்டம் கூடாது. வெளியே வந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு சிறுவருக்குச் சலிப்பூட்டும் என்று எண்ணுவோர் ஏமாந்து போவார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இவ்விதிகளை மந்திரம் போல் உச்சரிப்பதையும், பெரியவர் எவராவது குழலை அலட்சியமாகத் திருப்பினால் "அங்கிள், குழாய இங்கால காட்டாதீங்க!" என்று கண்டிப்பதையும் பார்ப்பது மிகவும் சுவையான காட்சி.

முதல் தடவை துவக்கை ஏந்துபவரை மேசையின் முன் உட்காரவைத்து, முன்பாகத்தை ஒரு தாங்கியின்மேல் சார்த்திச் சுடச் சொல்வதே முறை. போட்டித் துவக்கின் எடை ஐந்தரைக் கிலோகிராம் வரை இருக்கலாம். அதை நின்றபடி ஏந்துவது பழகாத தோளுக்கு வீண் துன்பம். உட்கார்ந்த நிலையில் குறியின் நுட்பம் பிடிபட்ட பிறகு எழுந்து நிற்கலாம். நிற்கும் விதம் பார்ப்பதற்கு விநோதமானது. இலக்குக்குத் தோளைக் காட்டி, பக்கவாட்டில் நின்று, இடது இடுப்பைச் சற்றே முன்தள்ளி, இடது முழங்கையை அவ்விடுப்பின்மேல் ஊன்றி, உள்ளங்கையில் துவக்கின் பாரத்தை வைக்க வேண்டும். ஊற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏந்திவரும் லயத்துப் பெண்கள் எவ்வாறு பாரத்தைத் தசையிலிருந்து எலும்புக்கு மாற்றிவிடுகின்றார்களோ, அதே சூத்திரந்தான் இது. தசை களைக்கும், நடுங்கும், எலும்பு களைக்காது. நிலையெடுத்தபின் கண்களை மூடிக்கொண்டு இரண்டு முறை மூச்சுவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். குறி அட்டையின் இடப்பக்கம் விலகியிருந்தால், கையால் இழுத்துத் திருத்தாதீர்கள். பாதங்களைச் சிறிது நகர்த்துங்கள். கையால் திருத்தியது அடுத்த மூச்சில் பழைய இடத்துக்கே போய்விடும்.

குறி பார்ப்பதற்குப் பின்னால் ஊசித் துளை போன்ற ஒரு வில்லையும், முன்னால் ஒரு மெல்லிய வளையமும் இருக்கும். துளையின் வழியே வளையத்தையும், வளையத்தின் நடுவே கறுத்த இலக்கையும் ஒன்றினுள் ஒன்றாகப் பொருத்த வேண்டும். கறுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம அகலத்தில் வெள்ளை தெரிந்தால் குறி நேராகிவிட்டது. மற்றக் கண்ணை இறுக மூடிக்கொள்வது ஆரம்பிப்போர் எல்லோரும் செய்வது. அதனால் திறந்த கண்ணும் சோர்ந்துபோகும். அதை மூடாமல், அதன் முன்னே ஒரு சிறு மறைப்பை மாட்டிக்கொள்வதே தேர்ந்தவர் வழக்கம். எந்தக் கண் உங்கள் ஆட்சிக்கண் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்: இரு கைகளாலும் ஒரு சிறு முக்கோண இடைவெளி அமைத்து, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் நிற்கின்றதோ அதுவே ஆட்சிக்கண்.

பின்னர் சுவாசம். நெஞ்சு ஏறி இறங்கும்போது குழலும் ஏறி இறங்கும். ஆகையால் மூச்சை உள்ளிழுத்து, வெளியே விட்டு, அடுத்த மூச்சு வேண்டும் என்று உடல் கேட்பதற்கு முன் இயல்பாகவே வரும் ஓர் இடைவேளையில் சுட வேண்டும். மூச்சைப் பலவந்தமாக அடக்கி முகம் சிவக்க நிற்பவருக்குச் சில வினாடிகளில் கண் மங்கும். அதன்பின் சுடுவது வீண். எட்டுப் பத்து வினாடிக்குள் மனம் இணங்காவிட்டால் துவக்கை இறக்கிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். இதுதான் இவ்விளையாட்டிலேயே மிகக் கடினமான பாடம். ஏறக்குறைய சரியாக இருக்கின்றது, இப்பொழுதே தட்டிவிடுவோம் என்ற சபலத்தை வெல்ல முடியாதவர்கள் எத்தனை ஆண்டு பழகினாலும் எட்டுப் புள்ளியிலேயே நிற்பார்கள். கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், இராணுவத்திலிருந்து இளைப்பாறிய சிங்களப் பயிற்றுநர் ஒருவர், தமக்குத் தெரிந்த தமிழில், அவதிப்பட்ட ஒரு சிறுமியிடம் கூறியதை நான் கேட்டேன்: "தங்கச்சி, அவசரம் வேணாம். பேப்பர் எங்கேயும் ஓடாது." இதைவிடச் சிறந்த போதனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

விசையை இழுப்பது என்று சொல்கின்றோமே, உண்மையில் அது இழுப்பன்று. விரலின் நுனிச்சதையால், மற்ற விரல்கள் ஒன்றும் அசையாமல், நேர்பின்னாகச் சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. எந்தக் கணத்தில் அது விடுபடும் என்பது சுடுபவருக்கே சற்று ஆச்சரியமாக இருந்தால் நல்லது. விடுபட்ட பிறகும் காரியம் முடியவில்லை. சன்னம் ஒரு வினாடிக்குச் சுமார் 170 மீற்றர் வேகத்தில் செல்கின்றது. குழலைக் கடந்து அட்டையைத் துளைப்பதற்குள் ஒரு வினாடியில் பதினாறில் ஒரு பங்கு நேரம் கழிகின்றது. விசை விடுபட்ட உடனே தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று எட்டிப் பார்ப்பவன், சன்னம் குழலைவிட்டு நீங்குவதற்குள்ளேயே குழலை அசைத்துவிடுகிறான். சுட்ட பின்னும் ஓரிரு வினாடி அப்படியே நின்று, குறி எங்கே ஓய்ந்தது என்பதைக் கவனித்து, பிறகு துவக்கை இறக்குவதே முறை. இந்தக் கடைசி அங்கத்தை அலட்சியம் செய்யாத ஆரம்ப மாணவர் இல்லை.

முதல் நாளில் ஐந்து சன்னம் சுட்டு அட்டையைக் கொண்டுவந்து பார்க்கும்போது, நடுவில் ஒன்றும் நாற்புறமும் நான்குமாகச் சிதறியிருந்தால் பிள்ளை மகிழ்கின்றது. ஐந்தும் மேல்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருந்தால் அழுகின்றது. பயிற்றுநரோ இரண்டாவது பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுப்பார். கொத்தாக விழுந்தால், ஐந்து முறையும் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றாய் என்பது பொருள். பின்குறியிலுள்ள திருகைச் சில 'கிளிக்' நகர்த்தினால் அந்தக் கொத்து நடுவுக்கு வந்துவிடும். சிதறலுக்கோ எந்தத் திருகும் பரிகாரம் செய்யாது. சன்னமே இல்லாமல், வெற்றுச் சுவரைப் பார்த்து, மேற்சொன்ன எல்லா அங்கங்களையும் முறைப்படி செய்வதும் பயிற்சியின் பெரும்பகுதி. உலகத்தரத்துப் போட்டியாளரும் அந்த வெற்றுப் பயிற்சியை விடுவதில்லை.

கைத்துப்பாக்கிக்கு வந்தால் விஷயம் இன்னும் விநோதமாகின்றது. துரோணர் வைத்த சோதனையில் அருச்சுனனுக்குப் பறவையின் கண் ஒன்றே தெரிந்தது என்று கேட்டு வளர்ந்த நாம், இலக்கையே கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நம்பியிருக்கின்றோம். கைத்துப்பாக்கியில் அருச்சுனனைப் பின்பற்றுபவர் தோற்றுவிடுவார். மனிதக் கண் அருகிலுள்ளதையும் தூரத்திலுள்ளதையும் ஒரே சமயத்தில் கூர்மையாகக் காணாது. ஆகவே துப்பாக்கியின் நுனியிலுள்ள முன்குறியைத் தெள்ளத் தெளிவாகப் பார்த்து, இலக்கைக் கறுத்த மேகம் போல் மங்கலாகவே விட்டுவிட வேண்டும். கைத்துப்பாக்கியின் இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் சுமார் ஒன்றரைச் சாணே. அங்கே ஒரு மில்லிமீற்றர் பிசகினால், பத்து மீற்றருக்கு அப்பால் ஓர் அங்குலத்துக்கு மேல் பிசகிவிடும். இலக்கு மங்கினால் கெடுதி இல்லை, குறி மங்கினால் கெடுதி. வியாசரிடம் இதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம்.

பலசாலிகளுக்கு இங்கே பிரத்தியேகச் சலுகை எதுவும் இல்லை என்பதே இவ்விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஹங்கேரி தேசத்துக் கரோய் தகாச் என்னும் சிப்பாய், 1938ஆம் ஆண்டில் கைக்குண்டு வெடித்துத் தம் வலக்கையை இழந்த பின்னர், இடக்கையால் சுடப் பழகி, 1948இலும் 1952இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸில், ஐம்பது வயதைத் தாண்டிய துருக்கியர் யூசுஃப் டிகெச், ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, கடைத்தெருவுக்கு வந்தவர் போல் நின்று கலப்பு இணைப் போட்டியில் வெள்ளி வென்றதை உலகமே வியந்தது. மற்ற விளையாட்டுக்களில் பெரும்பாலும் உடலை முறுக்கேற்றும் மருந்துகளுக்கே தடை. சுடும் போட்டியிலோ இதயத்தின் துடிப்பை மெதுவாக்கும் மருந்துகளுக்கும் தடை. இரு துடிப்புகளுக்கு இடையிலுள்ள அமைதியிலே விசையை விடுவிப்பது அத்தனை பெரிய அனுகூலம். அந்த அமைதியை மாத்திரையினால் வாங்கலாகாது, அப்பியாசத்தினால் சம்பாதிக்க வேண்டும் என்பது விதி.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் ஆட்சி செய்கின்றது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது பாரதூரமான குற்றம். பெற்ற அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காற்றுத் துவக்குத்தானே, குருவி சுடுகின்ற சாமான்தானே என்று எவரிடமேனும் வாங்கி வீட்டுப் பரணில் போட்டுவைக்க நினைப்பவர், முதலில் பிரதேசப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நலம். குருவியையும் குரங்கையும் சுடுவதற்கும் இந்த விளையாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நாலு மீற்றரில் கண்ணைக் குருடாக்கவல்ல அந்தச் சாதனத்தை முற்றத்திலே பிள்ளைகளின் கையில் கொடுப்பவர் பெற்றோராயினும் நான் அவரை மன்னிக்கத் தயாராயில்லை. மேலும், தனியாக வாங்குவது கட்டுப்படியாகக் கூடியதும் அன்று. ஜெர்மனியிலிருந்து வரும் வால்தர், அன்ஷூட்ஸ் போன்ற போட்டித் துவக்குகள் பல இலட்சம் ரூபாய் விலை பெறும்; விறைப்பான கித்தான் மேலங்கியும் சப்பாத்தும் வேறு. எனவேதான் எங்கும் இது சங்கங்களின் விளையாட்டாக, பாடசாலைகளின் விளையாட்டாக இருக்கின்றது: ஒரு துவக்கைப் பத்துப் பேர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

நமது நாட்டில் இவ்விளையாட்டை முன்னின்று வளர்ப்பவை முப்படைகளும் பொலிஸும், நகரத்துப் பெரிய பாடசாலைகள் சிலவுமே. இலங்கைத் துவக்குச் சுடும் விளையாட்டுச் சம்மேளனம் தேசியப் போட்டிகளை நடத்திவருகின்றது. கண்டிக்கு மேற்கே, கடுகண்ணாவை முதலிய ஊர்களிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. மைதானம் இல்லை, மலைச்சரிவில் ஓடுவதற்குப் பாதை இல்லை என்று விளையாட்டைக் கைவிட்டிருக்கும் பாடசாலைகளே இவ்விளையாட்டுக்கு மிகவும் தகுந்தவை. பத்து மீற்றர் நீளமும், ஒரு பக்கம் உறுதியான சுவரும், பூட்டக்கூடிய ஓர் இரும்புப் பெட்டியும், சான்றிதழ் பெற்ற ஒரு பயிற்றுநருமே தேவை. சம்மேளனத்துக்கும் மாவட்ட விளையாட்டு அதிகாரிக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். ஓடவும் தாவவும் இயலாத பிள்ளையும், கூச்சத்தால் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்பிள்ளையும் முதன்முதலாக முன்வரிசையில் நிற்கும் வாய்ப்பு இதில் உண்டு.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லுகின்றேன். பிள்ளையை ஒரு களத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அங்குள்ள பொறுப்பாளர் எடுத்த எடுப்பில் துவக்கைத் தூக்கிக் கையில் கொடுத்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே திரும்பிவிடுங்கள். துவக்கைக் காட்டாமல் முதலில் விதிகளைப் பேசத் தொடங்கினால், ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முடியும் வரை கேளுங்கள்; அடுத்த வாரமும் பிள்ளையை அனுப்புங்கள்.